காலண்டர் ஊசி: ஒரு முழுமையான வழிகாட்டி

எம்பிராய்டரி கற்றுக்கொள்ளத் தீர்மானித்துவிட்டீர்கள். வாழ்த்துகள். அறுபது நிறத்தில் நூல் வாங்கியாயிற்று. மர வளையம் மூன்று சைஸில் வந்திறங்கியாயிற்று. டிசைன் புத்தகம், ட்ரேசிங் பேப்பர், மஞ்சள் கார்பன், கொக்கு வடிவத்தில் பொன்னிறக் கத்தரி எல்லாம் தயார். யூடியூபில் நாலு சேனலை சப்ஸ்கிரைப் செய்து மணியையும் அமுக்கிவிட்டீர்கள். பாக்கி இருப்பது ஊசி. அதற்கெல்லாம் யாராவது காசு செலவழிப்பார்களா? அதுதான் வீட்டிலேயே இருக்கிறதே!

இருக்கிறது. ஹாலில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரின் அட்டையில், சாமி படத்தின் பாதத்துக்குக் கொஞ்சம் கீழே, அரை முழ வெள்ளை நூல் தொங்கக் குத்தி வைத்திருக்கிறது. அதை யார் வாங்கியது, எந்த வருஷம் வாங்கியது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. காலண்டர் வருஷா வருஷம் மாறும். ஜனவரி ஒன்றாம் தேதி பழைய அட்டையிலிருந்து புது அட்டைக்கு ஊசி குடிபெயரும். சட்டைப் பொத்தான், ஸ்கூல் பையின் அறுந்த வார், பஞ்சு தெரியும் தலையணை, அப்பாவின் உள்ளங்காலில் ஏறிய முள் என்று சகலத்துக்கும் அது ஒன்றுதான். கருவேல முள்ளையே எடுத்த ஊசிக்கு ஒரு ரோஜாப்பூ தைக்கத் தெரியாமல் போய்விடுமா?

சரியான ஊசியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று சொல்ல நிபுணர்கள் இருக்கிறார்கள். காலண்டர் ஊசியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு வழிகாட்டத்தான் ஆளில்லை. அந்தக் குறையைப் போக்குகிறேன்.

முதல் படி: ஊசியைப் பரிசோதிக்காதீர்கள்

பரிசோதித்தால் புதிது வாங்க வேண்டிவரும். வழவழப்பான மேஜையில் ஊசியை வைத்து விரலால் உருட்டினால், நேரான ஊசி சீராக உருளும். வளைந்தது தத்தித் தத்திப் போகும். நுனியை நகத்தின் மேல் லேசாக இழுத்தால், முனை மடங்கியிருப்பது கீறலாகத் தெரிந்துவிடும். காதில் ஒரு நூலைக் கோத்து முன்னும் பின்னும் நாலு தடவை இழுத்தால், உள்ளே பிசிர் இருக்கும் ஊசி நூலைப் பஞ்சாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று சோதனையும் சேர்ந்து அரை நிமிஷம் பிடிக்காது. அந்த அரை நிமிஷத்தில் எத்தனை வருஷத்து நம்பிக்கை பாழாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நிறத்தையும் பார்க்காதீர்கள். பெரும்பாலான கை ஊசிகள் எஃகுக் கம்பியில் செய்து நிக்கல் முலாம் பூசியவை. கை வியர்வை பட்டுப் பட்டு முலாம் தேய்ந்ததும் ஊசி மங்கும், கறுக்கும், பிறகு துருப் பிடிக்கும். சிலருடைய வியர்வைக்கு இது சீக்கிரமே நடந்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊர் என்றால் கேட்கவே வேண்டாம். முலாம் போன ஊசி துணிக்குள் நுழையும்போது ‘கீச்’ என்று முனகும். அப்போது செய்ய வேண்டியது என்ன என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்: ஊசியைத் தலைமுடிக்குள் விட்டு இரண்டு தேய்ப்பு. தேங்காய் எண்ணெய் உபயத்தில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். அந்த எண்ணெய் அடுத்து எங்கே போகிறது என்பதை வெளிர் மஞ்சள் பட்டில் தைத்துப் பார்த்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஊசியின் வழவழப்பு லேசில் வந்ததில்லை. இங்கிலாந்தில் உஸ்டர்ஷயரில் ரெடிச் என்று ஒரு ஊர். 19ஆம் நூற்றாண்டில் உலகத்து ஊசிகளில் பெரும்பங்கு அந்த ஊரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும்தான் போயிற்று. கம்பியை வெட்டி, நிமிர்த்தி, முனை தீட்டி, காது குத்தி, காய்ச்சிப் பதப்படுத்திய பிறகும் ஊசி கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆயிரக்கணக்கான ஊசிகளை ஒன்றாக அடுக்கி, சோப்பும் தேய்ப்புப் பொடியும் போட்டு, கெட்டித் துணியில் சுருட்டிக் கட்டி, நீர்ச்சக்கரத்தில் ஓடும் உருளைகளுக்கு அடியில் நாள் கணக்கில் உருட்டுவார்கள். அப்படி ஊசி தேய்த்த ஃபோர்ஜ் மில் என்ற ஆலை இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. முனை தீட்டியவர்களின் கதைதான் கொடுமை. காய்ந்த சாணைக்கல்லில் கை நிறைய கம்பிகளை விரித்து உருட்டித் தீட்டும்போது பறக்கும் கல் தூளும் இரும்புத் தூளும் நுரையீரலில் படிந்து, நடுவயதைப் பார்க்காமலே பலர் செத்துப்போனார்கள். தூசியை உறிஞ்சும் விசிறி வந்தபோது அவர்களே அதை எதிர்த்தார்கள். ஆபத்தான வேலை என்பதால்தான் கூலி அதிகம். ஆபத்து போனால் கூலியும் போய்விடுமே என்ற பயம்.

இவ்வளவும் தாண்டி வந்த பொருளை நாம் சட்டைப் பொத்தானுக்கும் கால் முள்ளுக்கும் நடுவே காலண்டரில் குத்திவைக்கிறோம். போகட்டும், அடுத்த படிக்குப் போவோம்.

இரண்டாம் படி: கடையில் ‘ஊசி’ என்று மட்டும் கேளுங்கள்

காலண்டர் ஊசி முறிந்தே போய்விட்டது, வேறு வழியில்லை என்றால் ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போகலாம். உரையாடல் இந்த அளவோடு நிற்க வேண்டும்:

“அண்ணே, ஊசி இருக்கா?”

“மெஷின் ஊசியா, கை ஊசியாம்மா?”

“கை ஊசி.”

“எதுக்கு?”

“எம்பிராய்டரிக்கு.”

“இந்தா, எல்லாம் இதுலயே இருக்கு.”

அவர் கொடுப்பது கறுப்புத் தாளில் உயரப்படி குத்தி வரிசையாக நிற்கும் கலப்புப் பாக்கெட். மிகப் பெரியது சாக்குக்குத்தான் லாயக்கு. மிகச் சிறியதில் நூல் கோக்க ஆள் கிடைக்காது. நடுவில் இருக்கிற இரண்டை எடுத்துக்கொள்வீர்கள். மற்றவை அட்டையோடு மேஜை டிராயருக்குள் போய், வீடு மாறும் அன்று யாருடைய விரலிலாவது ஏறித் தாங்கள் இருப்பதைத் தெரிவிக்கும்.

கடைக்காரர் தப்பித் தவறி “எத்தனாம் நம்பர்?” என்று கேட்டுவிட்டால் தைரியமாகப் பெரிய நம்பராகச் சொல்லுங்கள். நம்பர் கூடினால் ஊசி பெரியது என்பதுதானே நியாயம்? தையல் மெஷினில் அந்த நியாயம் செல்லும்: 11ஆம் நம்பர் ஊசி மெல்லிய துணிக்கு, 14 சாதாரணப் பருத்திக்கு, 16 ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு. கை ஊசியில் எல்லாம் தலைகீழ். எம்பிராய்டரிக்கென்றே இருக்கும் ‘க்ரூவல்’ ஊசியில் 3ஆம் நம்பர் தடியன், 10ஆம் நம்பர் ஒல்லி. கம்பி கேஜ் கணக்கு தெரிந்த எலக்ட்ரீஷியன் வீட்டில் இருந்தால் இது சட்டென்று புரியும். 18 கேஜைவிட 22 கேஜ் மெலிசு. ஒரே கடையில், ஒரே டப்பாவில், ஒரு பாக்கெட்டுக்கு ஒரு நியாயமும் பக்கத்துப் பாக்கெட்டுக்கு எதிர் நியாயமும் வைத்தவர்கள், தையற்காரர்களின் பொறுமையை நன்றாக எடைபோட்டிருக்கிறார்கள்.

நம்பரோடு போனால் பரவாயில்லை. ஜாதி வேறு இருக்கிறது. சாதாரணத் தையலுக்கு ‘ஷார்ப்ஸ்’, சின்னக் காது. அதே தடிமனில், அதே கூர்மையில், காதை மட்டும் நீளமாக்கினால் ‘க்ரூவல்’. எம்பிராய்டரி நூல் இரண்டு மூன்று இழையாகப் போகும் அல்லவா, அதற்காக அந்த நீளக் காது. தடித்த உடம்பும் பெரிய காதும் மழுங்கிய மூக்குமாக இருப்பது ‘டேபஸ்ட்ரி’. நம் கடைகளில் ‘கிராஸ் ஸ்டிச் ஊசி’ என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். அதே உடம்பில் மூக்கைக் கூராக்கினால் ‘ஷெனீல்’. 24ஆம் நம்பர் டேபஸ்ட்ரியையும் 24ஆம் நம்பர் ஷெனீலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நுனியைத் தொட்டுத்தான் அடையாளம் சொல்ல முடியும். மணி கோக்கும் ஊசி தலைமுடி மாதிரி மெலிசாக இருக்கும், தொட்டால் வளையும். கோணி ஊசி, மெத்தை ஊசி, மாலை கட்டுகிற நீள ஊசி எல்லாம் தனிக் குடும்பம்.

இத்தனையும் எதற்கு என்று தோன்றும். எல்லாம் துணியில் விழும் ஓட்டைக்காகத்தான்.

ஊசியின் வேலை நூலை இழுத்துக்கொண்டு போவது என்று நினைக்கிறோம். அதற்கு முன்னால் அது நூலுக்கு வழி போட வேண்டும். வழி குறுகலாக இருந்தால், காதில் இரட்டையாக மடங்கி நிற்கும் நூல் ஒவ்வொரு குத்துக்கும் துணியில் உரசிக்கொண்டு போகும். பத்துப் பதினைந்து குத்துக்குள் காதுக்குப் பக்கத்தில் நூல் மயிர் பிரிந்து நிற்கும், பளபளப்பு போகும், ஊசியைப் பல்லால் கடித்து இழுக்க வேண்டிவரும். வழி அகலமாக இருந்தால், தையலைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாகத் துளை தெரியும். பருத்தித் துணியில் ஒருமுறை துவைத்து நகத்தால் நீவினால் அது ஓரளவு மூடிக்கொள்ளும். நெருக்கமாக நெய்த பட்டில் மூடவே மூடாது. ஆகையால் நம் ஊர்ப் பழக்கப்படி, கல்யாணப் பட்டு ரவிக்கையில் முதல் குத்தை காலண்டர் ஊசியாலேயே குத்திப் பாருங்கள். குத்தின இடம் பேரப் பிள்ளைகள் காலம்வரை தெரியும்.

இந்தப் பழக்கம் பிடிக்காதவர்களுக்காக நிபுணர்கள் வைத்திருக்கும் சுமாரான கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டு மறந்துவிடுங்கள். ஆங்கர், டிஎம்சி போன்ற பருத்தி நூல் கண்டுகளில் ஆறு இழை சேர்ந்திருக்கும். ஒரு இழையில் தைத்தால் க்ரூவல் 10, இரண்டு இழைக்கு 9 அல்லது 8, மூன்று இழைக்கு 7, ஆறு இழையையும் அப்படியே போட்டால் 5-லிருந்து 3-க்குள். நூல் சிரமமில்லாமல் காதில் ஏற வேண்டும். ஏறிய பின் காதுக்குள் லொடலொட என்று ஆடக் கூடாது. சாதாரணத் துணிக்கு அவ்வளவுதான் சாஸ்திரம்.

மூன்றாம் படி

மூன்றாம் படியை எழுதிக்கொண்டிருக்கும்போது ஊசி கீழே விழுந்துவிட்டது. இது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். தேட வேண்டாம். தொலைந்த ஊசியைக் கண்டுபிடிக்கும் வல்லமை மனித உடம்பில் உள்ளங்காலுக்கு மட்டுமே உண்டு. அது தானாகக் கண்டுபிடிக்கும். அவசரமாக வேண்டுமென்றால் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் துணியில் சுற்றித் தரையில் இழுக்கலாம். எஃகு ஊசி என்பதால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இப்படிக் காந்தத்தோடு தவழ்கிறவரை அந்த நேரத்தில் வீட்டுக்கு வரும் விருந்தாளி எப்படிப் பார்ப்பார் என்பது இந்த வழிகாட்டியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நான்காம் படி: எந்தத் தையலுக்கும் ஊசியை மாற்றாதீர்கள்

தலையணை உறையில் ‘குட் நைட்’ எழுதி இரண்டு பக்கமும் கிளி வைத்த காலம் தொட்டு நம் வீடுகளில் கைவேலை என்றால் காம்புத் தையல், சங்கிலித் தையல், பிறகு ரோஜாப்பூவுக்குப் புல்லியன் நாட். முதல் இரண்டையும் எந்த ஊசியிலும் சமாளித்துவிடலாம். புல்லியனில்தான் காலண்டர் ஊசி தன் முழுத் திறமையையும் காட்டும்.

செய்முறை எளிது. துணிக்குள்ளிருந்து ஊசியின் முக்கால் பாகத்தை வெளியே எடுத்து நிறுத்தி, நூலை அதன் உடம்பில் எட்டுப் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். சுற்றுகளை இடது கைக் கட்டைவிரலால் மெல்ல அமுக்கிக்கொண்டு ஊசியை உருவ வேண்டும். உருவியதும் சுற்றுகள் வரிசையாக உட்கார்ந்து ரோஜாவின் ஒரு இதழ் வர வேண்டும். வராது. சாதாரண ஊசிக்குக் காது இருக்கும் இடம் உடம்பைவிடக் கொஞ்சம் புடைத்திருக்கும். உடம்பின் அளவுக்குச் சுற்றிய சுற்றுகள் அந்தப் புடைப்பில் சிக்கும். விடாமல் இழுப்பீர்கள். முதல் இரண்டு சுற்று தாண்டும், மூன்றாவது ஒன்றின் மேல் ஒன்று ஏறும், நாலாவது இறுகும், பிறகு ஊசி அசையாது. வெட்டி எடுத்தால் துணியும் சேர்ந்து வரும். பல கைக்குட்டைகளில் ரோஜாவுக்குப் பதில் இலை மட்டும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

இதற்கென்றே ஒரு ஊசி இருக்கிறது. தொப்பி தைப்பவர்களுக்காகச் செய்தது, ‘மில்லினர்ஸ்’ என்று பெயர், ‘ஸ்ட்ரா’ என்றும் சொல்வார்கள். நீளமாக இருக்கும், காதிலிருந்து நுனிப் பக்கம்வரை ஒரே தடிமன். சுற்றுகள் தடையில்லாமல் கழன்று வரும். ஆனால் அதை வாங்கிவிட்டால், “எனக்குப் புல்லியன் வரவே வராது, கை ராசி இல்லை” என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போய்விடும். நிதானமாக முடிவெடுங்கள்.

கிராஸ் ஸ்டிச்சுக்கு வருவோம். மேட்டி துணியில் இழை எண்ணிப் போடும் வேலை. துணியிலேயே சின்னச் சின்ன இடைவெளி இருக்கிறது. ஊசி குத்த வேண்டியதே இல்லை, இடைவெளியில் நுழைந்தால் போதும். மழுங்கிய ஊசி கண்ணை மூடிக்கொண்டு இடைவெளியைக் கண்டுபிடிக்கும். கூர் ஊசி போகிற வழியில் துணியின் இழையைப் பிளக்கும், ஏற்கெனவே போட்ட தையலின் நூலையும் பிளக்கும். பெருக்கல் குறிகள் ஆளுக்கொரு திசையில் சாயும். ஒரு அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணிக்கு 24ஆம் நம்பர் டேபஸ்ட்ரி, 18 கட்டத்துக்கு 26 என்பது பொதுவான வழக்கம். ட்ரேஸ் எடுக்காமல் இழை எண்ணியே பூவேலை போடுவதில் நீலகிரித் தோடர் பெண்களை மிஞ்ச ஆளில்லை. முரட்டு வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் தைக்கும் அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்ணும் விரலும்தான் அங்கே வரைபடம். நமக்கு வரைபடம், வட்டக் கண்ணாடி, டேபிள் லாம்ப் எல்லாம் இருக்கிறது. ஊசிதான் கூராகக் குத்துகிறது.

ஜரிகை நூலில் தைக்கும்போதும் இதே பிடிவாதத்தைக் காட்டலாம். ஜரிகை என்பது உள்ளே ஒரு நூல், அதைச் சுற்றி மெல்லிய உலோகத் தகடு. சின்னக் காதில் திணித்து முன்னும் பின்னும் இழுத்தால் தகடு சுருள் சுருளாகக் கழன்று உள்நூல் எட்டிப் பார்க்கும். பெரிய காது உள்ள ஷெனீல் போட்டு, நூலையும் கொஞ்சமாக வெட்டிக்கொண்டால் ஜரிகை ஜரிகையாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: ஆரிக்கு அவசரப்படுங்கள்

காதறுந்த ஊசி ஒன்று பட்டினத்தாரைத் துறவியாக்கியது எல்லாருக்கும் தெரிந்த கதை. இன்று காதே இல்லாத ஊசி ஒன்று பெண்ணைப் பெற்றவர்களை அதே நிலைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது. ஆரி ஊசியைத்தான் சொல்கிறேன். மரப் பிடி, அதில் ஒரு கம்பி, கம்பியின் நுனியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கொக்கி. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் தொழிலாளர்களான மோச்சிகள் தோல் தைத்த கொக்கி ஊசியின் வாரிசு. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் ‘டாம்போர்’ என்ற பெயரில் சீமாட்டிகளின் பொழுதுபோக்காக இருந்ததும் இந்தக் கொக்கி வேலைதான். இப்போது தமிழ்நாட்டில் தெருவுக்கு ஒரு ஆரி கிளாஸ். ஆரி வேலை செய்த ரவிக்கையின் விலை புடவை விலையைத் தாண்டிப் போவதெல்லாம் சகஜமாகிவிட்டது.

துணியைச் சட்டத்தில் விறைப்பாகக் கட்டி, ஒரு கை கீழே நூலைப் பிடித்துக்கொள்ள, மற்றக் கை மேலிருந்து ஊசியை இறக்கும். கீழ்க்கை நூலைக் கொக்கியில் சுற்றிக் கொடுக்கும். ஊசியை அரைத் திருப்பு திருப்பி மேலே எடுத்தால் ஒரு கண்ணி வரும். அந்தக் கண்ணிக்குள் அடுத்த குத்து. தேர்ந்த கைக்குச் சங்கிலி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த அரைத் திருப்பில்தான் எல்லாம் இருக்கிறது. கொக்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைக்குத் தெரியாவிட்டால், மேலே வரும்போது அது நூலோடு சேர்த்துத் துணியையும் கவ்வும். திருகு வைத்த பிடி என்றால், கொக்கி பார்க்கும் பக்கமே திருகும் இருக்கும்படி கம்பியைப் பொருத்திக்கொள்வார்கள். விரல் திருகைத் தொட்டால் போதும், குனிந்து பார்க்க வேண்டியதில்லை. நீங்கள் திருகை வேறு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் ஒரு விறுவிறுப்பு இருக்கும்.

இங்கேயும் ஒரே ஊசி தத்துவம் கைகொடுக்கும். கிட்டில் என்ன ஊசி வந்ததோ அதுவே போதும் என்று உட்கார்ந்தால் வகுப்பில் இப்படிப் பேச்சு நடக்கும்:

“மிஸ், லூப் மேல வரவே மாட்டேங்குது.”

“ஊசியைக் காட்டு. அட, இது மணி வைக்கிற ஊசிம்மா. ஜரி நூலை இது எப்படிப் பிடிக்கும்?”

“ஆரி ஊசின்னா எல்லாம் ஒண்ணுதானே மிஸ்?”

“அப்ப கரண்டி எல்லாம் ஒண்ணுதானா? சாம்பார் கரண்டில நெய் ஊத்துவியா?”

மிஸ் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சின்ன மணியை ஊசியில் ஏற்றி வைப்பதென்றால் அந்த மணியின் துளைக்குள் ஊசி நுழைந்தாக வேண்டும், ஆக மெல்லிய கம்பி. ஜரி நூலுக்கு அதைக் கவ்வுகிற ஆழமான கொக்கி. பட்டு நூலுக்குக் கொக்கியின் உட்புறம் பிசிரில்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு இழை அறுந்து, முடித்த பூ சோம்பிப் போய்க் கிடக்கும். வாங்கும் இடத்திலேயே ஒரு துண்டுப் பட்டு நூலைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்க்கலாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். ஜர்தோசி என்கிற மெல்லிய உலோகச் சுருளை வெட்டி வைப்பதற்கோ ஆரி ஊசியே வேண்டாம். மெல்லிய கை ஊசிதான் வேண்டும்.

காலண்டர் ஊசிக்கும் இந்தத் தொழிலில் ஒரு கௌரவமான இடம் உண்டு. டிசைன் வரைந்த ட்ரேசிங் பேப்பரில் கோடு நெடுகப் பொட்டுப் பொட்டாகக் குத்தி, துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் தேய்த்தால் டிசைன் துணியில் இறங்கிவிடும். அந்தக் குத்து வேலைக்குக் கறுத்த ஊசியும் போதும். அதற்காகப் பழைய ஊசியில் நாலை ஒதுக்கி வைக்கலாம். நாற்பதை அல்ல.

நூல் கோப்பது பற்றி

எச்சில் தொட்டு, முறுக்கி, ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு கோப்பதுதான் மரபு. நூல் நனைந்தால் உப்பும், உப்பினால் காதில் ஏறாது. அதனால் மரபில் பொழுது நன்றாகப் போகும். நூலை விட்டுவிட்டு ஊசியின் காதை லேசாக ஈரப்படுத்தி, நூலைச் சாய்வாக வெட்டி, விரல் இடுக்கில் நுனி மட்டும் தெரியப் பிடித்துக்கொண்டு ஊசியை நூலின் மேல் கொண்டுவந்தால் சட்டென்று ஏறும். அப்படியும் ஏறாவிட்டால் ஊசியைத் திருப்பிப் பிடியுங்கள். காது அச்சில் குத்தியது. ஒரு பக்கம் மற்றதைவிடக் கொஞ்சம் தாராளமாக இருக்கும்.

நூலின் நீளம் பூக்காரம்மா கணக்கில் ஒரு முழம். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு குத்துக்கும் அந்த நீளம் முழுக்கத் துணிக்குள் போய் வரும், பாதி வழியிலேயே நைந்துவிடும், போதாததற்கு முடிச்சும் விழும். அடிக்கடி கோக்கச் சோம்பல் என்று இரண்டு மீட்டர் எடுப்பவர்கள் மிச்சம் பிடித்த நேரத்தை முடிச்சு அவிழ்ப்பதில் செலவழிக்கலாம்.

அந்தக் காலப் பாட்டிகள் இதில் கெட்டிக்காரர்கள். பேத்தி பள்ளிக்கூடம் கிளம்புமுன் அவளைப் பிடித்து உட்கார வைத்து ஏழெட்டு ஊசியில் வரிசையாக நூல் கோத்து வாங்கிக்கொள்வார்கள். பகல் முழுக்க யார் தயவும் வேண்டாம். நிறத்துக்கு ஓர் ஊசி வைத்துக்கொள்ளும் எம்பிராய்டரிக்காரர்களும் செய்வது இதுவேதான். ஊசி ஒன்றே ஒன்று இருக்கிற வீட்டில் இந்த வித்தை பலிக்காது.

பராமரிப்பு

வேலையைப் பாதியில் விடும்போது ஊசியைத் துணியிலேயே குத்தி வையுங்கள். மழைக்காலம் என்றால் இன்னும் விசேஷம். கொஞ்ச நாள் கழித்து எடுத்தால் துணியில் பழுப்பாக ஒரு துருப்பொட்டு இருக்கும். வெள்ளைத் துணி என்றால் எலுமிச்சம் சாறும் உப்பும் வைத்து வெயிலில் காட்டினால் மங்கும். வண்ண நூல் பக்கத்தில் இருந்தால் சாறு அதையும் சேர்த்து வெளுக்கும். விரலில் குத்தி ரத்தம் பட்டால் உடனே குளிர்ந்த தண்ணீர். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை நிரந்தரக் குடியுரிமை வாங்கிவிடும்.

ஊசியை நூல் கண்டில் குத்தி வைப்பது இன்னொரு பழக்கம். கண்டுக்குள் எத்தனை சுற்று நூல் பிளந்திருக்கிறது என்பது, நல்ல வேலை நடக்கும்போது நூல் அறுந்து அறுந்து தெரியவரும். உலர்ந்த சின்ன டப்பாவில் நம்பர் எழுதின தாளோடு போட்டு வைத்தால் போதும் என்பார்கள். அதில் சுவாரசியம் ஏது?

விளக்கு வைத்த பிறகு யாருக்கும் ஊசி கொடுக்கக் கூடாது என்று ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. பகலில் கேட்டாலும் கையில் கொடுக்க மாட்டார்கள். கீழே வைத்தால் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும் என்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா உங்கள் ஒரே க்ரூவல் ஊசியை வாங்கிப் போய்ச் செருப்பு வார் தைத்துவிட்டுத் திருப்பித் தரும்போது, முன்னோர்கள் சும்மா சொல்லவில்லை என்று புரியும்.

இனிமேல் கேலி இல்லை. ஒரு பாக்கெட் ஊசியின் விலை, அறுபது நிற நூலில் இரண்டு மூன்று கண்டின் விலைதான். ஊசி தேய்கிற பொருள். மங்கினாலும் கறுத்தாலும் முனகினாலும் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புதிதை எடுங்கள். பழையதையும் முறிந்ததையும் அப்படியே குப்பைக் கூடையில் போடாதீர்கள். மாத்திரை வந்த காலி டப்பா ஒன்றில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் மூடியின் மேல் டேப் ஒட்டி, ‘ஊசி’ என்று எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கையில் கொடுங்கள். உங்கள் குப்பையை அவர் கையால்தான் பிரிக்கிறார்.